வோ கௌன் தி? (ஹிந்தி, 1964): பார்க்கப் போகிறவர்களும் பார்த்து முடித்தவர்களும் கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதிலின் முதல் பாதியில் படத்தின் முடிவைப் பற்றி எதுவும் இல்லை. கொலையாளி யார் என்பது 'முடிவு தெரிந்தவர்களுக்கு' என்ற கோட்டுக்குக் கீழேதான் வரும். படம் பார்க்காதவர்கள் அங்கேயே நின்றுகொள்ளலாம்.

இது பேய்ப் படமா, கொலைப் படமா, காதல் படமா?

கொலைப் படம்தான், ஆனால் பேய்ப் படத்தின் புடவையைக் கட்டிக்கொண்டு வருகிறது. மழை, இடிந்த மாளிகை, கல்லறைத் தோட்டம், வெள்ளைப் புடவை, எங்கிருந்தோ கேட்கும் பெண் குரல் என்று பயத்துக்கான சாமான் எல்லாம் உண்டு. காதல் அதற்குள்ளேயே இருக்கிறது. கட்டிக்கொண்ட மனைவியை நேசிக்கலாமா, அவளைப் பார்த்து ஓட வேண்டுமா என்று கதாநாயகனுக்குத் தெரியவில்லை. அந்தத் தவிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சாதாரண துப்பறியும் கதை.

யார் எடுத்த படம்?

இயக்கம் ராஜ் கோஸ்லா. குரு தத்திடம் உதவியாளராக இருந்து, 1956-ல் 'சி.ஐ.டி.' எடுத்தவர். பாடகராக வேண்டும் என்று பம்பாய்க்கு வந்தவர் என்பதால் பாட்டைப் படமாக்குவதில் அவருக்கு இருந்த அக்கறை தனி. தயாரிப்பு என்.என். சிப்பி. கதை துருவ சாட்டர்ஜி. இசை மதன் மோகன், பாடல்கள் ராஜா மெஹதி அலி கான், ஒளிப்பதிவு கே.எச். கபாடியா. நடிப்பில் சாதனா, மனோஜ் குமார், ஹெலன், கே.என். சிங், பிரேம் சோப்ரா, பர்வீன் சௌத்ரி.

கோஸ்லாவும் சாதனாவும் சேர்ந்து செய்த மூன்று மர்மப் படங்களில் இது முதலாவது. அடுத்தவை 'மேரா சாயா' (1966), 'அனிதா' (1967).

கதை என்ன? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

டாக்டர் ஆனந்த் கொட்டும் மழையில் ராத்திரி கார் ஓட்டி வருகிறார். நடுச்சாலையில் வெள்ளைப் புடவையில் ஒருத்தி நிற்கிறாள். ஏற்றிக்கொள்கிறார். அவள் உட்கார்ந்ததும் வைப்பர் நின்றுவிடுகிறது. கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாத நிலையில் அவளே வழி சொல்லி, கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கிக்கொள்கிறாள். கையில் ரத்தம். கேட்டால், ரத்தம் தனக்குப் பிடிக்கும் என்கிறாள். கதவு தானாகத் திறக்கிறது, உள்ளிருந்து பாட்டு கேட்கிறது.

ஆனந்துக்கு தூரத்துச் சொந்தக்காரர் வழியில் பெரும் சொத்து வர இருக்கிறது. ஒரே நிபந்தனை, வாரிசுக்குச் சித்தம் தெளிவாக இருக்க வேண்டும். இந்தச் சமயத்தில் காதலி சீமா விஷ ஊசியால் கொல்லப்படுகிறாள். பிறகு இன்னொரு மழை ராத்திரியில் பாழடைந்த மாளிகைக்கு வைத்தியம் பார்க்க அழைக்கப்படுகிறார். அங்கே செத்துக் கிடப்பவள் அதே வெள்ளைப் புடவைக்காரி. அந்த வீட்டில் ஆளே இல்லை, வெகுகாலமாகப் பூட்டிக் கிடக்கிறது என்கிறது போலீஸ். கடைசியில் அம்மாவின் பிடிவாதத்தால் முகம் பார்க்காமலே கல்யாணம் செய்துகொள்கிறார். முதலிரவில் முக்காட்டை விலக்கினால் அவளேதான்.

இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? டிவியில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லையே?

இந்தப் படத்தைப் பார்த்து ஏமாந்தவர்களில் பாதிப் பேர் மோசமான பிரதியால் ஏமாந்தவர்கள். கவனிக்க வேண்டியவை:

முதலில் நீளம். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அது வெட்டப்பட்ட பிரதி. பெரும்பாலும் பாட்டும் நகைச்சுவையும் போயிருக்கும். நகைச்சுவை போனால் நஷ்டமில்லை, பாட்டு போனால் துப்பு போய்விடும்.

அடுத்து சட்டகம். அந்தக் காலத்து சட்டகம் கிட்டத்தட்ட சதுரம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரி. திரை முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்று இழுத்திருக்கிறார்கள் (முகம் அகலமாகத் தெரியும்), இல்லை மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் (நெற்றி காணாமல் போகும்). டிவியிலேயே படத்தை இழுக்கும் அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது டிவி அமைப்பு. 'விவிட்', 'டைனமிக்' வகைகளை அணைத்து 'சினிமா' அல்லது 'மூவி'க்கு மாற்றுங்கள். 'விவிட்' கறுப்பை இன்னும் கறுப்பாக்கும். இந்தப் படத்தில் பாதி விஷயம் கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணையுங்கள், அது மழைத் தாரையைக் கஞ்சியாக்கிவிடும். இணைய வேகம் குறைந்து படத்தின் தரம் இறங்கினாலும் முதலில் அடிவாங்குவது மழைக் காட்சிதான். ஒவ்வொரு துளியும் அசைவதால் சுருக்கப்பட்ட கோப்பு அதைத் தாங்காமல் கட்டம் கட்டமாக உடையும்.

அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். வண்ணம் பூசிய பாடல் துணுக்குகள் உலவுகின்றன, தவிருங்கள். வெள்ளைப் புடவையைச் சுற்றிக் கட்டிய படத்துக்கு வண்ணம் தேவையில்லை.

அந்த மழைக் காட்சி ஏன் இன்றும் பயமுறுத்துகிறது?

கறுப்பு வெள்ளையில் மழையைக் காட்டுவது ஒரு வேலை. முன்னாலிருந்து விளக்கடித்தால் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. மழைக்குப் பின்னாலிருந்து, கேமராவை நோக்கி விளக்கடிக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு தாரையும் வெள்ளிக் கம்பியாகத் தெரியும். அதே பின் விளக்கு வெள்ளைத் துணியில் பட்டால் விளிம்பு கசிந்து ஒளிரும். பேய்க்குத் தனியாக மேக்கப் வேண்டாம், விளக்கே போதும். ஆனால் அளவு மீறினால் புடவை வெறும் வெள்ளைத் திட்டாகி மடிப்பெல்லாம் மறைந்துபோகும். அதனால்தான் அந்தக் காலத்தில் 'வெள்ளை' உடைக்கு லேசாகச் சாயமேற்றிய துணியைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது.

இன்னொன்று, காருக்குள் அவள் பேசுவது மிகக் குறைவு. சாதனா கண்ணை உருட்டுவதில்லை, பல்லைக் காட்டுவதில்லை. சாதாரணக் குரலில் ரத்தம் பிடிக்கும் என்கிறாள். கத்தியிருந்தால் நாம் சிரித்திருப்போம்.

கபாடியாவுக்கு இந்தப் படத்துக்காகச் சிறந்த கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

பாட்டு எத்தனை? யார் யார் பாடியது?

ஆறு. எல்லாமே ராஜா மெஹதி அலி கான் எழுதியவை.

லதா தனியாகப் பாடியவை மூன்று: 'நைனா பர்ஸே ரிம்ஜிம் ரிம்ஜிம்', 'லக் ஜா கலே', 'ஜோ ஹம்னே தாஸ்தான் அப்னி சுனாயி'. மகேந்திர கபூருடன் லதா பாடியது 'சோட்கர் தேரே பியார் கா தாமன்'. ஆஷா தனியாக 'ஷோக் நஸர் கி பிஜ்லியான்'. ரஃபியும் ஆஷாவும் சேர்ந்து 'டிக்கி ரிக்கி'. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடலாம், படமும் மறந்துவிடுகிறது.

'நைனா பர்ஸே' ஏன் ஒரே மூச்சில் வராமல் அங்கங்கே வருகிறது?

ஏனென்றால் அதற்குப் பாட்டு வேலை இல்லை, தடயம் வேலை. முதலில் கல்லறைத் தோட்டத்தில் கேட்கிறது. பிறகு வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. ஆனந்துக்கு அந்த மெட்டு காதில் விழுந்தாலே முதல் ராத்திரி ஞாபகம் வரும், நமக்கும் வரும். அவள் முகத்தைக் காட்டாமலே அவளை அறைக்குள் கொண்டுவர இயக்குநருக்குக் கிடைத்த வழி இது. 1949-ல் 'மகல்' படத்தில் கேம்சந்த் பிரகாஷ் 'ஆயேகா ஆனேவாலா'வில் போட்ட பாதை. மதன் மோகன் அதை இன்னும் தூரம் கொண்டுபோனார்.

படமாக்கிய கதையும் சுவாரசியமானது. படப்பிடிப்பு நாளுக்குள் லதாவின் பதிவு கைக்கு வரவில்லை. மதன் மோகன் தானே பாடிப் பதிந்ததை ஒலிக்கவிட்டார்கள், ஆண் குரலுக்கு சாதனா வாயசைத்தார். மதன் மோகன் குரலில் அந்தப் பாட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. லதாவின் பதிவைவிட அதில் சோகம் கூடுதல் என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

'லக் ஜா கலே' காதல் பாட்டுதானே? கல்யாண வீட்டில்கூடப் பாடுகிறார்களே?

தனியாகக் கேட்டால் காதல் பாட்டுதான். பஹாடி ராகத்தின் சாயல், நிதானமான தாளம், அணைத்துக்கொள், இந்த ஜென்மத்தில் மறுபடி சந்திப்போமோ மாட்டோமோ என்ற கெஞ்சல். ஆனால் படத்துக்குள் வைத்துப் பாருங்கள். பாடுகிறவள் உயிருள்ள மனைவியா, செத்தவளா என்று கேட்பவனுக்குத் தெரியாது. உயிருள்ளவள் என்றால் கணவன் விலகி விலகிப் போவதைக் கண்டு உருகுகிறாள். செத்தவள் என்றால் கூட அழைக்கிறாள். ஒரு சொல்லும் மாறாமல் இரண்டு அர்த்தமும் கச்சிதமாகப் பொருந்தும்படி ராஜா மெஹதி அலி கான் எழுதியிருக்கிறார். மனோஜ் குமார் அணைக்காமல் நிற்பது நடிக்கத் தெரியாமல் அல்ல.

இந்தப் பாட்டை கோஸ்லா முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுபடி கேட்கச் சொல்லி வற்புறுத்தியவர் மனோஜ் குமார், இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பாட்டை ஓட்டிவிட்டுப் பார்க்கலாமா? நேரம் இல்லை.

லதாவின் மூன்று தனிப்பாட்டையும் ஓட்டாதீர்கள். 'ஜோ ஹம்னே தாஸ்தான்' முக்கியமாக. பாடுகிறவளின் முகத்தைப் பாருங்கள், அது மிரட்டுகிறவளின் முகமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மற்ற மூன்றும் உங்கள் இஷ்டம். ஆனால் ஹெலனுக்கும் ஆனந்துக்குமான ஜோடிப்பாட்டை ('சோட்கர் தேரே') விட்டுவிட்டால் சீமா சாகும்போது உங்களுக்கு வலிக்காது. வழக்கமாக கிளப் நடனத்துக்கு அழைக்கப்படும் ஹெலனைக் காதலியாக்கி, பிறகு கொன்றும் விடுவது அந்தக் காலத்துக்குத் துணிச்சல்.

'யார் நீ?' இதன் தமிழ் வடிவமா?

ஆமாம். 1966, இயக்கம் சத்யம், தயாரிப்பு பி.எஸ். வீரப்பா. சாதனா இடத்தில் ஜெயலலிதா, மனோஜ் குமார் இடத்தில் ஜெய்சங்கர். இருவரும் தமிழில் அறிமுகமானது அதற்கு முந்தைய ஆண்டுதான்: ஜெயலலிதா 'வெண்ணிற ஆடை', ஜெய்சங்கர் 'இரவும் பகலும்'. தெலுங்கில் அதே ஆண்டு 'ஆமெ எவரு?' வந்தது, அங்கும் ஜெயலலிதா, ஜோடி ஜக்கய்யா.

தமிழில் இசை வேதா. ஹிந்தி மெட்டைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் அவருக்கு இணை அவரே. 'நைனா பர்ஸே' தான் பி. சுசீலாவின் 'நானே வருவேன்'. 'லக் ஜா கலே' தான் 'பொன்மேனி தழுவாமல்'. 'ஜோ ஹம்னே தாஸ்தான்' தான் 'என் வேதனையில்'. ஹிந்திப் படத்தின் பெயரே தெரியாத தமிழர்களுக்கும் மெட்டு தெரிந்திருப்பது இப்படித்தான். 2022-ல் வந்த தனுஷின் 'நானே வருவேன்' வேறு கதை, இதோடு சம்பந்தமில்லை.

எதை முதலில் பார்ப்பது என்றால் ஹிந்தியைத்தான். கபாடியாவின் ஒளிப்பதிவுக்காக. பிறகு தமிழில் பாட்டை மட்டுமாவது கேளுங்கள். சுசீலா லதாவை நகலெடுக்கவில்லை. குரலில் மூடுபனி குறைவு, தெளிவு அதிகம், அதுவும் தனியாக பயமுறுத்துகிறது.

— முடிவு தெரிந்தவர்களுக்கு —

ஏதோ ஆங்கில நாவலின் தழுவல் என்கிறார்களே?

வில்கி காலின்ஸ் 1860-ல் புத்தகமாக்கிய 'தி வுமன் இன் ஒயிட்' நாவலைத்தான் சொல்கிறார்கள். ராத்திரிச் சாலையில் வெள்ளுடைப் பெண் எதிர்ப்படுவது, ஒரே சாயலில் இருவர், சொத்துக்காகச் சதி ஆகிய மூன்றும் அங்கே உண்டு. ஆனால் நாவலில் சதிக்கு இலக்காவது பெண்ணின் சொத்தும் பெண்ணின் சித்தமும். இங்கே அது ஆணுக்கு நடக்கிறது. மறுபிறவி, அலையும் ஆத்மா என்ற நம் நம்பிக்கையெல்லாம் இங்கே சேர்த்தவை. தழுவல் என்பதைவிட, விதை அங்கிருந்து வந்தது என்றால் சரியாக இருக்கும்.



கடைசியில் யார், எதற்காகச் செய்தது?

செய்தது ரமேஷ், பிரேம் சோப்ரா ஏற்ற பாத்திரம். ஆனந்துக்குப் பைத்தியம் என்று ஆகிவிட்டால் சொத்து அவனுக்கு வரும். ஆனந்தின் மனைவி சந்தியாவுக்கு அவளே அறியாத இரட்டைச் சகோதரி ஒருத்தி இருக்கிறாள். ரமேஷ் அந்தச் சகோதரியைப் பேயாக நடமாட விடுகிறான். சந்தியா கடைசிவரை எதுவும் தெரியாத அப்பாவி.

இன்றைக்குப் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம். பிரேம் சோப்ரா பெயரை டைட்டிலில் கண்டதுமே பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். 1964-ல் அப்படி இல்லை. அவர் புதுமுகம் மாதிரி, வில்லன் முத்திரை இன்னும் விழவில்லை. அப்போதைய ரசிகர் சந்தேகப்பட வேண்டியவர் டாக்டர் சிங்காக வரும் கே.என். சிங். பல வருடமாகப் புருவத்தைத் தூக்கியே வில்லத்தனம் செய்தவர். விஷ ஊசி என்றதும் சந்தேகம் தானாக டாக்டர்கள் பக்கம் திரும்பும். அவர் மகளுக்கு ஆனந்த் மேல் ஆசை வேறு. கோஸ்லா வேண்டுமென்றே விரித்த வலை அது.

இரட்டையர் என்பது ஏமாற்று வேலை இல்லையா?

கொஞ்சம் அப்படித்தான். இரட்டைச் சகோதரி இருக்கிறாள் என்பதற்கு முன்கூட்டி ஒரு துப்பும் தராமல் கடைசியில் கொண்டுவருவது துப்பறியும் கதை விதிப்படி நியாயமில்லை. ஆனால் சொத்து நிபந்தனையை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். 'ஆனந்துக்குப் பைத்தியம் பிடித்தால் லாபம் யாருக்கு' என்ற கேள்வியை விடாமல் பிடித்திருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம், உபாயத்தைத்தான் பிடிக்க முடியாது.

பின்னணிக் குரல்தான் இதில் பெரிய தந்திரம். கதாநாயகி எப்போது பாடினாலும் லதா குரல்தான் என்பதற்கு நாம் பழகிவிட்டோம். கல்லறைத் தோட்டத்தில் லதா, வீட்டுத் தோட்டத்திலும் லதா. ஆகவே இருவரும் ஒருத்தியே என்று காது நம்பிவிடுகிறது. குரலைத் தடயமாக எடுத்துக்கொள்ள முடியாத சினிமாவில் இது அருமையான மறைவிடம்.

அப்படியும் விடை கிடைக்காத விஷயங்கள் உண்டா?

உண்டு. சாலையில் வழி சொன்னது பெரிய அதிசயமில்லை, தெரிந்த பாதையை ஒத்திகை பார்த்து வந்தவள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். கதவு திறந்ததற்கும் ஆள் வைத்திருக்கலாம். ஆனால் அவள் உட்கார்ந்த அந்த நொடியில் வைப்பர் நின்றதற்கு ரமேஷின் திட்டம் மட்டும் போதாது. இதையெல்லாம் துருவிக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இந்த வகைப் படமே சரிப்படாது.

ஒரே நடிகையை ஒரே சட்டகத்தில் இருவராக அப்போது எப்படிக் காட்டினார்கள்?

கணினி இல்லாத காலத்தின் பொது முறை இது: கேமராவை அசையாமல் பூட்டி, லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒருமுறை எடுப்பார்கள். படச்சுருளை அதே இடத்துக்குத் திருப்பிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். நடிகை நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இடையில் விளக்கு துளி மாறினாலும், கேமரா மயிரளவு நகர்ந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும். அதனால் கதவு நிலை, தூண், மரம் மாதிரி ஒன்றை அந்த இடத்தில் வைப்பார்கள். மற்ற ஷாட்டுகளில் முதுகைக் காட்டி ஒரு டூப் நிற்பார்.

இரண்டாவது முறை பார்த்தால் எதைக் கவனிப்பது?

ஒவ்வொரு காட்சியிலும் இவள் யார், சந்தியாவா சகோதரியா என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். வீட்டுக்குள் மாமியார் முன்னால் இருப்பவள், தூரிகையோடு இருப்பவள் சந்தியா. ராத்திரியில் வெளியே கூப்பிடுகிறவள் பெரும்பாலும் மற்றவள். இப்படிப் பிரித்ததும் படமே மாறிவிடும். முதல் முறை ஆனந்துக்காகப் பயந்த நீங்கள் இந்த முறை சந்தியாவுக்காக வருத்தப்படுவீர்கள். கட்டிய நாளிலிருந்து ஏன் என்று தெரியாமலே கணவன் வெறுப்பைச் சுமப்பவள் அவள். சாதனாவுக்கு ஃபிலிம்ஃபேர் நியமனம் கிடைத்தது, விருது 'சங்கம்' படத்துக்காக வைஜெயந்திமாலாவுக்குப் போனது. மதன் மோகனுக்கும் நியமனத்தோடு சரி, 'தோஸ்தி'க்காக லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் வாங்கினார்கள்.

பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

பாழடைந்த மாளிகையும் பாட்டும் பிடித்திருந்தால் கமால் அம்ரோஹியின் 'மகல்' (1949). அசோக் குமார், மதுபாலா. நிதானமான படம், பொறுமை வேண்டும். மறுபிறவியை உண்மையாகவே ஏற்கும் கதை வேண்டுமென்றால் பிமல் ராயின் 'மதுமதி' (1958). ஹேமந்த் குமார் தயாரித்து இசையமைத்து, பீரேன் நாக் இயக்கிய 'பீஸ் சால் பாத்' (1962), 'கோஹ்ரா' (1964) இரண்டிலும் வஹீதா ரஹ்மான், பிஸ்வஜித் ஜோடி. 'கோஹ்ரா'வின் மூலம் டாஃப்னே டு மாரியேயின் 'ரெபெக்கா'. 'வோ கௌன் தி?' தயாரிப்பாளர் சிப்பியே அடுத்த ஆண்டு 'கும்நாம்' எடுத்தார், பயம் குறைவு, கும்மாளம் அதிகம். கோஸ்லா-சாதனா கூட்டணி தொடர வேண்டுமென்றால் நேராக 'மேரா சாயா'. 'பாத்லாக்' என்ற மராத்திப் படம்தான் அதற்கு மூலம். அதே மூலத்திலிருந்து தமிழில் 1965-லேயே 'இதயக்கமலம்' வந்துவிட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு 'மேரா சாயா'வின் முடிச்சு முன்பே தெரிந்திருக்கும், பாட்டுக்காக மட்டும் உட்காரலாம்.